சார்ள்ஸ் தந்த நண்டு

வேரா,

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா தெரியவில்லை. ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது தம்பி சார்ள்ஸ் கை நீட்டினான். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன் என்றே நினைக்கிறேன். என் வலையை அவன்தான் வெட்டினான் என்று துறையெல்லாம் சொன்னவன் நான். நேற்றுப் பார்த்தேன், கிழித்தது என் தோணியின் ஆணி.

இன்று காலை அவன் நண்டோடு வந்தான். "அண்ணிக்குக் குடுங்க அண்ணா. கோவத்தில எறிஞ்சிராதீங்க, நாய்தான் கொழுக்கும்" என்று சிரித்தான். நான் இன்னும் மன்னிப்பே கேட்கவில்லை. ஆண்டவரின் அருளைப் பற்றி எவ்வளவோ வாசித்தேன். அது வாசலில் வந்து நின்றபோது தலைநிமிர முடியவில்லை.

நண்டு சட்டியில் உயிரோடு இருக்கிறது, கவனம். கதவைப் பூட்டிவிட்டேன், திறப்பு யன்னலில்.

பி.கு.: பிள்ளை ஜேமி ரியூஷன் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் சார்ள்ஸிடம் போகிறேன். பிறகு துறையில் எல்லாரிடமும், நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வருவேன்.