கொடி நாளில் நான் அடித்த ஜோக்

7-12-1972, வியாழன்

இன்று கொடி நாள். படைவீரர் நிதிக்காகப் பள்ளியில் கொடுத்த காகிதக் கொடிகளை, புதுவாயலில் நின்ற ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறி விற்றேன். தோளில் துண்டு போர்த்திய ஒருவர் இடது கையால் உண்டியலில் காசு போட்டார். "சட்டையில நீயே குத்திவுடு தம்பி" என்றார்.

"ஏன் நைனா, இன்னொரு கைய இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

துண்டை விலக்கினார். வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. "வாடகைக்கு இல்லப்பா, போன வருஷம் பார்டர்ல குட்த்துட்டேன். குத்து."

குத்தினேன். மன்னிப்புக் கேட்காமலே இறங்கினேன், பஸ் போய்விட்டது.

கீழே நின்ற என் வகுப்புத் தோழன் சேகர், "இன்னாடா சொன்ன, அப்டி சிரிச்சாங்க?" என்று கேட்டான். கை இல்லாததை விட்டுவிட்டு ஜோக்கை மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.