ஒரு சொட்டுத் தீர்த்தம்

டாக்டர், நேற்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டான்சில் ஆபரேஷனுக்குத் துணைக்குப் போனேன். பழைய நர்ஸ் என்பதால் உள்ளே விட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் பெண் முகமூடியை நீட்டி, "ஸ்ட்ராபெர்ரி வாசம் வருதா, மோந்து பாரு" என்றாள். பிள்ளை மோந்துகொண்டே தூங்கிப்போனது. இருமல் இல்லை, திமிறல் இல்லை. உங்கள் ஞாபகம் வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் கைராசிக்காரர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நான் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்தேன். உங்கள் விஷயத்தில் அது எனக்குப் பழகிப்போன ஒன்றுதானே.

எழுபதுகளில் நம் அரசு ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்கு ஈதர்தான். கம்பி வலையில் துணி விரித்து, பிள்ளையின் மூக்குக்கு மேலே பிடித்து, சொட்டுவிட வேண்டும். தொண்டையை எரிக்கிற மருந்து அது. வலையை ஒரு விரல் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டு, நாலு மூச்சு, பிறகு இன்னொரு சொட்டு என்று போனால் தொண்டை பழகிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாததா? பத்து மணிக்குச் சொந்த கிளினிக் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி, வலையை அழுத்தி, மடமடவென்று ஊற்றுவீர்கள். "அழட்டும் சிஸ்டர், அழுதா நல்லா இழுக்கும்" என்பீர்கள்.

வேம்பாரிலிருந்து ஓர் உப்பளத்துக்காரி, குடலிறக்கம் என்று நாலு வயசு மகனைக் கூட்டி வந்திருந்தாள். அவனுக்குச் சளி. ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்றேன். "இந்தக் கடக்கரையில மூக்கு ஒழுகாத பிள்ளை எங்கன இருக்கு?" என்று சிரித்தீர்கள்.

ஊற்றினீர்கள். இருமினான், திமிறினான், பிறகு சத்தமே இல்லை. தொண்டை இறுகி, உதடு நீலம் பாரித்தது. வலையைப் பிடுங்கி எறிந்தது நான். தாடையைத் தூக்கி ஆக்ஸிஜனை அழுத்திப் பிடித்தது நான். கீச்சென்று அவன் ஒரு மூச்சு இழுத்தபோது நீங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தீர்கள்.

வெளியே வந்து அவளிடம் என்ன கேட்டீர்கள்?

"ஏளா, காலைல பிள்ளைக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல ஐயா. மாதா கோயில் தீர்த்தம் மட்டும் ஒரு சொட்டு உதட்டுல தொட்டு வச்சேன்."

கடற்கரைத் தாய்மார் எல்லாரும் செய்வதுதான். மயக்கத்துக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டும்தான்; ஆனால் அந்த ஒரு சொட்டு தொண்டைக்கே போய்ச் சேராது.

"அதான! பிள்ளையக் கொல்லப் பாத்தியே" என்றீர்கள்.

அவள் அப்படியே நம்பினாள். நான் பக்கத்தில் நின்றேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

சளி தீர்ந்தபின் அவனை மறுபடி சேர்த்தோம். அன்று பாட்டிலை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நீங்கள் எரிந்து விழுந்தீர்கள். நான் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன். அவன் ஒரு தடவைகூட இருமவில்லை. அதன்பிறகு எந்தப் பிள்ளைக்கும் உங்களை ஊற்ற விடவில்லை. அந்த மட்டுக்கு எனக்கு ரோஷம் இருந்தது.

சாயங்காலம் பையன் தண்ணீர் கேட்டான். அவள் டம்ளரை என்னிடம் நீட்டினாள். "நீங்க குடுங்க சிஸ்டர். எங்கையி வேண்டாம்."

குடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை, நீங்கள் அடுத்த கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வேம்பாருக்குத் தினமும் பஸ் இருந்தது டாக்டர். போய், "உன் கையில தப்பில்ல" என்று சொல்ல நான் ஒரு நாளும் ஏறவில்லை. உங்களைத் திட்ட நான் இருக்கிறேன். என்னைத் திட்ட வேண்டியவளுக்கு, அது என் தப்பு என்றே தெரியாது.