துணி வேலையில் இருக்கிறது

சாக்கு வாசனையோடு என் நினைவில் நிற்கும் மீரான் அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். உங்களைக் கேட்பதில் பொருளில்லை. என்னைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மரவள்ளிக்கிழங்கு தின்றே கால் வீங்கியிருக்கிறது. பார்க்கிறவர்கள் உடம்பு தேறிவிட்டது என்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை அச்சிட இப்போது பினாங்கில் தாளும் இல்லை, துணிச்சலும் இல்லை. ஜப்பான்காரர் போன பிறகு யாராவது அச்சிடக்கூடும் என்று எழுதிவைக்கிறேன். அன்றைக்குப் படிப்பவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பவும் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர் நீங்கள். தெரிந்ததையே திரும்பக் கேட்பது உங்களுக்குப் புதிதல்ல.

நம் வெள்ளக் கமிட்டி எப்படிப் பிறந்தது என்று நினைவிருக்கிறதா? சுங்கை பினாங் ஆற்றோரத்து வீடுகளில் மழைக்காலம் தோறும் தண்ணீர் புகும். சண்டைக்கு முன் நகரசபைக் கூலியாட்கள் கால்வாயைத் தூர் எடுப்பார்கள். அவர்கள் குடியிருந்ததும் அதே ஆற்றோரத்தில்தான். இப்போது அவர்களில் பெரும்பாலோர் சயாம் ரயில் வேலைக்குப் போய்விட்டார்கள். போனார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. லாரியில் ஏற்றப்பட்டார்கள். அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும்தான் அந்த வீடுகளில் மிச்சம்.

வெள்ளைக்காரன் கந்தோரில் எழுத்து வேலை பார்த்து, அது போன யாழ்ப்பாணத்துக் கிராணிமார் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் சும்மா இருக்க மாட்டோம். கமிட்டி அமைத்துவிடுவோம். தலைவர், உபதலைவர், காரியதரிசி எல்லோரையும் ஒரே மாலையில் தேர்ந்தெடுத்தோம். பெயர் வைப்பதில்தான் கூட்டங்கள் நீண்டன. வெள்ள நிவாரணக் கமிட்டி என்று வைத்தால் வெள்ளம் வரும்வரை எங்களுக்கு வேலையில்லை. வெள்ளத் தடுப்புக் கமிட்டி என்று வைத்தால் வெள்ளம் வந்ததும் எங்கள் மானம் போய்விடும். இரு பக்கமும் நல்ல வாதங்கள் இருந்தன.

நீங்கள் பின்வரிசையில் இருந்தீர்கள். சூலியா தெருவில் பழைய சாக்குக் கடை வைத்திருந்தவர் என்பதால், மணல் மூட்டைக்குச் சாக்குக் கேட்க உங்களை அழைத்திருந்தோம்.

"பேரை அப்புறம் வைங்க தம்பி. புள்ளை பொறக்கட்டும்," என்றீர்கள். "சாக்கு நான் தரேன். மண்ணு யாரு அள்ளுறது?"

அதற்கு ஓர் உபகமிட்டி போட்டோம்.

அனுமதி வாங்கப் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் கூடவும், ஆற்றங்கரையில் மூட்டை அடுக்கவும் ஜப்பான் துரைத்தனத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நாம் இருவரும் வாசல் காவலருக்கு இடுப்பு வரை குனிந்து உள்ளே போனோம். வெள்ளம் வரும் என்று சொல்வது வதந்தி பரப்புவதாகுமா என்று உங்களுக்குச் சந்தேகம். மொழிபெயர்ப்பாளர் அதிகாரியைக் கேட்டுச் சொன்னார். வெள்ளம் வரும் என்று சொல்லலாம். என்றைக்கு வரும் என்று சொன்னால்தான் வதந்தி. நீங்கள் வெளியே வந்து சிரித்தீர்கள். அந்த வருஷத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

பிறகு வேலை நடந்தது. அதற்குக் காரணம் கமிட்டி அல்ல, நீங்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் மணல் அள்ளியதைப் பார்த்து, அதுவரை பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத நாங்களும் அள்ளினோம். ஆற்றோரம் மார்பளவுக்கு மூட்டைகள் ஏறின. சம்பான் படகு ஒன்று இரவல் கிடைத்தது. கயிறு, வேகவைத்த கிழங்கு, தங்குவதற்கு மேட்டில் ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்பாடாயின. எதையும் மறக்கவில்லை என்று தலைவர் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் மூட்டைகள் காணாமல் போகத் தொடங்கின. சரியாகச் சொன்னால், சாக்குகள். விடிந்து போய்ப் பார்த்தால் மணல் அப்படியே இருக்கும். எடுத்தவர் மணலைச் சிந்தாமல் குவித்துவைத்துவிட்டுச் சாக்கை மட்டும் கொண்டுபோயிருப்பார். இவ்வளவு ஒழுங்கான திருட்டை நாங்கள் கண்டதில்லை. ஏழைகளின் ஒழுக்கம் பற்றித் தலைவர் ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசினார். சாக்கை உடுத்திக்கொண்டு ஆட்கள் பிச்சைக்கு வருவதை நாம் எல்லோரும் தெருவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தெருவில் பார்த்தது வேறு விஷயம், கமிட்டியின் முன் வந்தது வேறு விஷயம். எங்கள் முன் வந்தது திருட்டு. அதற்குரிய தீர்மானம் காவல். முறை வைத்துக் காவல் இருந்தோம். அதன் பிறகு ஒரு சாக்குகூடப் போகவில்லை.

எங்கள் முதல் வெற்றி என்று தலைவர் அறிவித்தார். நீங்களும் கை தட்டினீர்கள், அண்ணே. உங்களைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

அமாவாசைப் பெருக்கும் தண்ணீர்மலைப் பக்கத்து மழையும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன. கடல் உள்ளே தள்ள, ஆறு வெளியே தள்ள, நடுவில் அந்த வீடுகள். மூட்டைகள் கொஞ்ச நேரம் தாங்கின. அது ஆட்களை வெளியேற்றுவதற்கான நேரம். அதற்காகத்தான் அவற்றை அடுக்கினோம்.

யாரும் வெளியே வரவில்லை.

நீங்களும் நானும் சம்பானைத் தள்ளிக்கொண்டு அஞ்சலையின் வீட்டு முன் நின்றோம். அவளுடைய கணவன் கால்வாய்க் கூலி. அவன் லாரியில் போன பிறகு அவளும் மாமியாரும்தான் இருந்தார்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஏம்மா, தண்ணி ஏறுது. வாங்க வெளியே," என்றீர்கள்.

"நீங்க போங்கண்ணே. நாங்க அப்புறமா வரோம்," என்றாள் உள்ளேயிருந்து.

"அப்புறம்னா எப்ப? கடலு வத்துனதுக்கு அப்புறமா?"

நான் கதவை இடித்தேன். பிடிவாதம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்து, மாமியார்க்காரி மட்டும் வந்து நின்றாள்.

"அவ வர முடியாது தம்பி," என்றாள். "வீட்டுல ஒரு சேலைதான். அது இப்ப எம்மேல இருக்கு."

அவள் அதை நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பக்கத்து வீட்டிலும் அதே கதைதான் என்றாள். அதற்கடுத்த வீட்டில் காளியம்மா தனியாக இருப்பவள். அவளிடம் இருந்ததும் கிழிந்துபோய்ப் பல நாள் ஆகிறது. விடியுமுன் குழாயடிக்குப் போக மட்டும் இவர்கள் சேலையை இரவல் வாங்கிக்கொள்வாள். "மொதல்ல சாக்கு கெடைச்சுது. அப்புறம் நீங்க காவல் போட்டுட்டீங்க," என்றாள். குறை சொல்லும் குரல் அல்ல.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சம்பானை என் கையில் விட்டுவிட்டு, தண்ணீரை உழக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய், சைக்கிளை எடுத்துக்கொண்டு மறைந்தீர்கள். மணல் மூட்டையை அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் கரை மூட்டைகளின் மேல் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே யாரும் நெருங்க முடியாது.

திரும்பி வந்தபோது உங்கள் தோளில் வெள்ளைத் துணி இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். சண்டைக்கு முன் நீங்கள் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனபோது உடுத்திய இரண்டு இஹ்ராம் துணிகள். அங்கேயே ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து, தகரப் பெட்டியில் வைத்திருந்தீர்கள். நீங்கள் மௌத்தானால் உங்களைப் பொதிய வேண்டிய கஃபன் துணி. கடையில் ஒரு முழம் துணி கிடைக்காத காலத்தில், சாவதற்குத் துணி வைத்திருக்கும் பணக்காரர் என்று உங்களைக் கேலி செய்திருக்கிறேன்.

"அண்ணே, இது..." என்று இழுத்தேன்.

"நான் இன்னும் சாகலையே," என்றீர்கள். "கிழிங்க தம்பி."

கிழித்தோம். அஞ்சலை வீட்டுக் கதவிடுக்கில் ஒரு துண்டு, பக்கத்து வீட்டில் ஒரு துண்டு. நாம் இருவரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அவர்கள் வந்து சம்பானில் ஏறினார்கள். ஈரத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி. பிறகு மூன்றாவது துண்டோடு காளியம்மாவின் வீட்டுக்குப் போனோம். துணி போய்ச் சேர்ந்தது. கதவு இல்லை. சுவரும் இல்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு, பாலத்துக்குக் கீழே தூணோடு ஒட்டிக் கிடந்தாள். கூட்டம் கூடியிருந்தது. எல்லோரும் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் மிச்சமிருந்த மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி வந்து, மணலைக் கொட்டி, சாக்கைப் பிரித்து அவள்மேல் போர்த்தினீர்கள். கமிட்டி அன்றைக்கு அவளுக்கு ஒரு சாக்குக் கொடுத்தது. தீர்மானம் தேவைப்படவில்லை.

அந்தத் தண்ணீரில் நின்றதால்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது என்று உங்கள் வீட்டு அக்கா சொல்கிறார். மருந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார். மருந்து இல்லை என்பதையும் அவரேதான் சொன்னார். காய்ச்சல் வேகத்தில் நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டீர்கள்: "தம்பி, நாம எதைக் காவல் காத்தோம்?" இப்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கண் மூடியபின் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

குளிப்பாட்டி முடித்ததும் துணிப் பேச்சு வந்தது. உங்கள் மைத்துனருக்கு மனது கேட்கவில்லை. மக்காவிலிருந்து கொண்டுவந்தது அவருடைய துணி, அவருக்கே போகட்டும், கேட்டு வாங்கி வாருங்கள் என்றார். துயரத்தில் இருக்கிறவர், தப்பாகச் சொல்லவில்லை. அந்த வீடுகள் எனக்குத் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

அஞ்சலை வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்தாள். உங்கள் துணி அவள் உடம்பில் இருந்தது. வெள்ளை என்று இனிச் சொல்ல முடியாது. வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. கையைக் கழுவினாள்.

"அண்ணனோடதுதானே," என்றாள். "சித்த நில்லுங்க. அவுத்துத் தரேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமியார் அப்போது சேலையோடு கிழங்கு வாங்கப் போயிருந்தாள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அது திறப்பதற்குள், "வேணாம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். என்ன சொல்வது? "துணி வேலையில் இருக்கிறது," என்றேன். கிராணிக்கு வாயில் வருவது அதுதான்.

குளிப்பாட்ட வந்திருந்த பள்ளிவாசல் லெப்பை கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அது வேலையப் பாக்கட்டும்," என்றார். "மய்யித்துக்கு வெக்கம் கெடையாது. உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் அது. இருக்கிறதக் கொண்டாங்க." உங்கள் மாற்றுக் கைலியும் கடைசியாக உடுத்தியிருந்த கைலியும் துவைத்து வந்தன. அவற்றில்தான் போனீர்கள். கட்டம் போட்ட கைலி. உங்கள் மைத்துனர் தோள் கொடுத்து நடந்தபோது லெப்பையிடம் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதார். கேட்க நான் நெருங்கவில்லை.

இப்போதைய செய்திக்கு வருகிறேன். கமிட்டி உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடத்தியது. அனுமதியோடுதான். அடுத்த கரைக்கு உங்கள் பெயரை வைக்கலாம் என்று தலைவர் சொன்னார். கரை இன்னும் இல்லை. மிச்சமிருந்த சாக்குகளை நான் வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன். சாக்கு உடுத்திய பெண்கள் இப்போது வெளியே வருகிறார்கள். தென்னைமரத் துண்டும் சேறும் வைத்து அவர்களே அணை கட்டுகிறார்கள். தானும் கமிட்டியில் சேரலாமா என்று அஞ்சலை கேட்டாள். விதிகளில் இடமில்லை என்று தலைவர் வருந்தினார்.

சாக்கு எல்லோருக்கும் போதவில்லை. எங்களிடம் துணி இருக்கிறது, அண்ணே. எங்களில் ஒவ்வொருவர் அலமாரியிலும் கந்தோருக்குப் போட்டுப் போன வெள்ளை டிரில் கோட்டும் கால்சட்டையும், பூச்சி உருண்டை போட்டு மடித்து வைத்தபடி இருக்கின்றன. என் மனைவி என்னுடையதைத் தையல் பிரித்துவிட்டாள். இரண்டு பேருக்கு ஆயிற்று. மற்றவர்களைக் கேட்கப் போனேன். ஒருவர் சாவி தொலைந்தது என்றார். தலைவர் நேர்மையானவர், காரணத்தைச் சொன்னார்.

"வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் எதைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போறது, தம்பி?"

எங்கள் வீடுகள் எல்லாம் அன்றைக்கு நீங்கள் சைக்கிளில் போன வழியில்தான் இருந்தன. நீங்கள் எந்த வாசலிலும் இறங்கவில்லை. ஏன்? நேரம் இல்லையா? இல்லை, எங்களை உங்களுக்கு முன்னமே தெரிந்திருந்ததா?

வரும் அமாவாசைப் பெருக்குக்கு முன் அந்த வாசல்களில் எல்லாம் நான் இறங்குவேன். அலமாரி திறக்கும்வரை நிற்பேன். மறுபடியும் வருவேன். சுங்கை பினாங்கில் எந்தக் கதவைத் தட்டினாலும், மூட்டை கட்டியாயிற்றா என்று கேட்க மாட்டேன். வெளியே வர உடுத்த இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். அங்கே துணி கேட்பதும் இங்கே இதைக் கேட்பதும் கூச்சமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். வேட்டி கட்டியவனுடைய கூச்சம் ஆளைக் கொல்லாது.

உங்கள் கிராணித் தம்பி,
நடராசா