சிவப்புப் பந்தும் நூத்தியெட்டுத் தேங்காயும்

நீ கோவமா இருக்கேன்னு எனக்குத் தெரியும் புவனேந்திரா, அதனாலதான் போன கீழ வச்சிட்டு பேனாவ எடுத்தேன், போன்னா நீ கட் பண்ணிருவ, காயிதத்த எப்படிக் கட் பண்ணுவ பாக்குறேன். மூணு வாரமாச்சுய்யா ஒன் கொரலக் கேட்டு. ஆறாப்பு வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்து, கோணலாத்தான் இருக்கும், பொறுமையாப் படி. இங்க பெம்பான்ல நானும் மாமாவும் அம்மன் தயவுல நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்க கம்போடியாவுல நீயும் ஒன் ரெண்டு முட்டியும் சொகமா இருக்கணும்னு காலையில வெளக்கேத்தும்போது ஒன் பேரச் சொல்லித்தான் திரியத் தூண்டுறேன். ஒன் மச்சான் கணேஸ்வரன் நேத்து வேல முடிஞ்சி வந்து ஒரு சேதி சொன்னான். கிளப்புல இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம், மாசக் கடைசிக்குள்ள நீ பதில் சொல்லணுமாம், நீ என்னடான்னா பூட்ஸத் தூக்கிப் போட்டுட்டேன், இனிமே பந்தத் தொட மாட்டேன்னு அவன்கிட்டச் சொன்னியாம். அதக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. நான் செஞ்ச காரியத்தாலதான் நீ இந்த முடிவுக்கு வந்தியோன்னு தோணுது, அதான் முழுசா எழுதிடுறேன்.

மொதல்ல வீட்டுச் சேதி. மாமாவுக்கு சுகர் கொறஞ்சிருக்கு, ஆனா வாய் கொறையல, ஒளிச்சி வச்ச பிஸ்கட்ட மோப்பம் புடிச்சி எடுத்துர்றாரு. மழ சரியான மழ, பக்கத்து வீட்டு முனியம்மாவோட ரம்புத்தான் மரம் நல்லாக் காய்ச்சிருக்கு, ஒனக்கு ஒரு பை எடுத்து வைக்க முடியலையேன்னு பொலம்புது. நம்ம பழைய மோட்டார் காடில கொஞ்ச நாளா ஒரு சத்தம் வருது, ஆயர் குரோ ரவுண்டபவுட்டுல திரும்பும்போதெல்லாம் பின்னால கடகடன்னு உருளுற மாதிரி, மாமா அப்சோர்பர் போயிருச்சுன்றாரு, கணேஸ்வரன் காடியே போயிருச்சுப்பா வேற வாங்குங்கன்றான், ஒர்க்‌ஷாப்புக்குப் போக ரெண்டு பேருக்கும் நேரம் இல்ல, வாய்ச் சண்டைக்கு மட்டும் நேரம் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீ இருவது வயசுல மொத மொத கிளப்புக்குக் கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நான் அம்மன் முன்னால நின்னு, தாயே என் பிள்ள கால் பட்டு ஒரு கோல் விழணும், விழுந்தா நூத்தியெட்டு தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். ஒங்கிட்டச் சொல்லல, சொன்னா சிரிப்ப. அதுக்கப்புறம் பதினாலு வருஷம், நாலு மாநிலம், இப்ப கம்போடியா, ஒரு கோலும் விழல. கணேஸ்வரன் என் போன்ல ஏத்திக் குடுத்தானே ஆட்டம் பாக்குற அது, அதுல படமெல்லாம் வராது, கோல் போட்டவன் பேரும் பக்கத்துல ஒரு குட்டிப் பந்தும் வரும். எனக்கு இங்கிலீசு எழுத்துல ஒன் பேரு மட்டுந்தான் படிக்கத் தெரியும், ஆட்டம் முடியுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டிருப்பேன். அன்னிக்கு அரையிறுதி, எம்பத்தேழாவது நிமிஷம், ஒன் பேரு வந்துச்சு, பக்கத்துல பந்து. அதுவும் செவப்புப் பந்து. மத்தவங்களுக்கெல்லாம் கருப்பா வர்ற பந்து என் பிள்ளைக்கு மட்டும் செவப்பா வருதே, அம்மனே குங்குமம் வச்சி அனுப்பிட்டான்னு நெனச்சி அழுதுட்டேன்யா. கணேஸ்வரன் ராத்திரி வேலையில இருந்தான், மாமாவுக்குப் பந்தும் தெரியாது போனும் தெரியாது, கேக்க ஆளில்ல. விடிஞ்சதும் ஜாசின் பாசார்ல போயி தேங்கா வாங்கி, அன்னிக்கு வெள்ளிக்கெழமைங்கிறதால அப்பவே கோயில் வாசல்ல முனியம்மாவும் அது வீட்டுக்காரரு காளிமுத்துவும் எடுத்து எடுத்துக் குடுக்க, தோள்பட்ட கழண்டு போற மாதிரி ஒடச்சேன். முனியம்மாதான் போட்டோ எடுத்து, மாலையும் பூவுமா ஒன் பேரப் போட்டு வாழ்த்துன்னு குடும்ப குரூப்ல அனுப்புனுச்சு. பத்து நிமிஷத்துல நீ குரூப்ப விட்டுப் போயிட்ட. பிள்ள வேலையா இருக்கான்னு நெனச்சேன், அவ்வளவுதான் என் அறிவு.

அன்னிக்குச் சாயங்காலம் மஞ்சத்தூள் வாங்க கைருதீன் பாய் கடைக்குப் போனேன், ஒனக்குத்தான் தெரியுமே, அவரு கடைய விட பந்தத்தான் நல்லாப் பாத்துக்குவாரு. பாய் இனிப்பு எடுத்துக்குங்க, என் பிள்ள கோல் போட்டுட்டான்னேன். அவரு இனிப்ப வாங்கல, கல்லாவ விட்டு வெளிய வந்து, அக்கா உக்காருங்கன்னு ஸ்டூல இழுத்துப் போட்டாரு. செவப்புப் பந்துன்னா சொந்தக் கோல்லயே விழுந்ததுன்னு அவரு சொல்லித்தான் தெரியும். அதாலதான் நீங்க தோத்தீங்கன்னும் அப்பதான் தெரியும். என் பிள்ள தல குனிஞ்சி நின்ன நேரத்துல நான் ஊரக் கூட்டித் தேங்கா ஒடச்சிருக்கேன். இத எழுதும்போது கூட மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல.

ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்ல. நான் என்ன வேண்டுனேன், என் பிள்ள கால் பட்டு ஒரு கோல் விழணும். பட்டுச்சு, விழுந்துச்சு. எந்தப் பக்கத்துக் கம்பத்துலன்னு நான் சொல்லவே இல்லையே, அவ கேட்டதக் குடுத்துட்டான்னு பூசாரி தனபாலன்கிட்டப் போயி அழுதேன். அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, ஏன் இந்திரா, அம்மாளுக்கு கம்போடியா போயி பந்து பொறுக்கிப் போடுறதத் தவிர வேற சோலி இல்லன்னு நெனச்சிட்டியான்னாரு. சிரிப்பு வந்துருச்சு, ஆனாலும் மனசு ஆறல. கோல் விழுந்தது அவ வேலையோ இல்லையோ, பதினாலு வருஷமா தப்பா வேண்டுனது நாந்தானேய்யா. ஒன் வேல தடுக்குறது. நான் போயி கோல் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

இது இன்னிக்கு நேத்து தப்பில்ல. நீ ஸ்கூல் டீம்ல ஆடும்போது ஒன்னையப் பின்னால நிறுத்துனாங்கன்னு, கடேசி பெஞ்சுல ஒக்கார வச்ச மாதிரி நெனச்சிக்கிட்டு, அந்த மலாய்க்கார கோச்கிட்ட நான் சண்டைக்குப் போனது ஞாபகம் இருக்கா? தாயில்லாப் பிள்ளைன்னு எளக்காரமா, முன்னால விடுங்கன்னு கத்துனேன், நீ வெக்கத்துல கோல் கம்பத்துக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிட்ட. அந்த மனுசன் கோவப்படாம, மக்சிக்னு மரியாதையாக் கூப்புட்டு, இவன் அங்க ஜாகா, காவக்காரன், இவன் நின்னாத்தான் நான் நிம்மதியா நிப்பேன்னாரு. ஜாகான்னு சொன்னதும் எனக்கு இன்னும் கோவம், வீட்ல ஒரு ஜாகா போதாதான்னு.

அந்த ஜாகா, அதான் ஒன் மாமா, நான் பொலம்புறதயெல்லாம் கேட்டுட்டு முந்தாநாள் ஒரு வார்த்த சொன்னாரு, அதத்தான் ஒனக்கு எழுதணும்னு ஒக்காந்தேன். இருவத்திரெண்டு வருஷம் அவரு பேக்டரி கேட்ல நின்னாரு, ஒரு நாளும் ஒருத்தரும் அவரு பேரக் கேட்டதில்ல. ஒரு தீவாளி லீவுல, பட்டப்பகல்ல, அவரு முன் கேட்ல நிக்கும்போது பின் வேலிய வெட்டி செம்பு ஒயரக் கொண்டு போயிட்டாங்க. அன்னிக்குத்தான் பெரிய மேனேஜரு, யாருய்யா இந்த சாமிக்கண்ணுன்னு கேட்டாராம். மறுநா காலையில இவரு சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு நிக்கிறாரு, நான் வெக்கமா இல்லையா, எப்படிங்க போவீங்கன்னு கேட்டேன். இன்னிக்கும் காக்குறதுக்குக் கேட்டு இருக்குல்லன்னு சொல்லிட்டுப் போனாரு. இதத்தான் முந்தாநாள் திரும்பச் சொன்னாரு, அவனுக்கும் கேட்டு இருக்குல்ல, ஒடம்பு முடியலன்னா வரட்டும், வெக்கப்பட்டுக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு. சொல்லிட்டு பிஸ்கட் டின்னத் தேடப் போயிட்டாரு.

அந்த ஆட்டத்த கைருதீன் பாய் போன்ல எனக்கு முப்பது தடவ போட்டுக் காட்டிட்டாரு, மெதுவாக்கி நிறுத்தி நிறுத்தி. ஒனக்குப் பக்கத்துல நின்ன ஒங்க டீமு ஒசரமானவன், பள்ளிக்கூடத்துல வாத்தியாரக் கூப்புடுற மாதிரி கையத் தூக்கிக்கிட்டு அப்படியே நிக்கிறான், ஆப்சைடுன்னு நடுவர்கிட்டக் கேக்குறானாம். ஒனக்குப் பின்னால எதிராளு ஒருத்தன் வாயப் பொளந்துக்கிட்டு பந்துக்குக் காத்திருக்கான். நீ மட்டுந்தான் காலை நீட்டிக்கிட்டு விழுற. நீ நீட்டலன்னா அவன் அடிச்சிருப்பான், அப்பவும் கோல்தான், ஆனா ஒன் பேரு வந்திருக்காது. கையத் தூக்குனவன் பேரு எங்கயும் வரல பாத்தியா. பாய் சொன்னாரு, அக்கா, எனக்கு அந்தக் கையத் தூக்குனவனையும் வேண்டாம், பின்னால நின்னவனையும் வேண்டாம், கடைக்கு ஆளு எடுத்தா நான் இந்த விழுந்தவனத்தான் எடுப்பேன்னாரு. நான் மஞ்சத்தூள எடுத்துக்கிட்டு வந்துட்டேன், வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

கையெழுத்துப் போடு, போடாதன்னு நான் சொல்லல. முப்பத்தினாலு வயசாச்சு, முட்டி தாங்குமான்னு ஒனக்குத்தான் தெரியும். ஆயர் குரோவுல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற வேல இருக்குன்னு கணேஸ்வரன் சொல்றான், அதுவும் கௌரவமான வேலதான், ஒன் ரூம்பு கூட்டித்தான் கெடக்கு, எப்ப வந்தாலும் சோறு இருக்கு. ஆனா அந்த ஒரு பந்துக்காகவும் நான் ஒடச்ச தேங்காய்க்காகவும் நிறுத்தாத சாமி. முட்டி சொல்லட்டும், ஒன் மனசு சொல்லட்டும், அந்த செவப்புப் பந்து சொல்லக் கூடாது. இப்ப நான் கோல் கேக்குறதில்ல. எதிராளு ஓடி வரும்போது என் பிள்ள நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும் தாயே, அது போதும்னு வேண்டிக்கிறேன், எந்தப் பக்கம்னும் இந்தத் தடவ தெளிவாச் சொல்லிட்டேன்.

அம்மன் ஒனக்குத் தொணையா நிக்கட்டும், காலும் மனசும் ஒறுதியா இருக்கட்டும். இதோட துன்னூறு மடிச்சி வச்சிருக்கேன், நெத்தியிலயும் ரெண்டு முட்டியிலயும் பூசிக்க. நான் அனுப்புன எண்ணெயக் காய்ச்சித்தான் தேய்க்கணும், பச்சையாத் தேய்க்காத. மாசக் கடைசிக்கு முன்னாடி மாமாவுக்காவது ஒரு போன் பண்ணு, அவரு கேக்க மாட்டாரு, ஆனா போன் அடிச்சா அவருதான் மொதல்ல ஓடுறாரு.

ஒன்னையப் பெக்காத, ஆனா ஒனக்காகச் சண்டைக்கெல்லாம் போன அத்தை,
இந்திராதேவி,
பெம்பான்.

ஐயய்யோ புவனேந்திரா, ஒட்டப் போன கவர மறுபடி தொறந்து எழுதுறேன். அன்னிக்குக் கோயில் வாசல்ல கடேசித் தேங்கா என் கையிலேர்ந்து வழுக்கி லோங்காங் சாக்கடைக்குள்ள ஓடிருச்சு, காளிமுத்துதான் எறங்கி எடுத்து, சேறா இருக்கு, கழுவிட்டு அப்புறம் ஒடைங்கக்கான்னு நம்ம காடி பின்னால போட்டாரு. நான் அத ஒடைக்கவே இல்ல, நூத்தியேழுதான் ஒடஞ்சிருக்கு, ரவுண்டபவுட்டுல உருளுறது அதுதான்.