நிலை வைக்காத வாசல்

24-8-1980, ஞாயிறு
சாயந்திர வகுப்பில் கற்ற எழுத்து. கோணல்தான். எழுதிப் பார்க்கிறேன்.

சவுக்குத் தோப்பு மேட்டில் புது வீட்டுக்குக் கால் நட்டாயிற்று. ஏரிக்கரைக் குடிசையில் இந்த ஐப்பசியும் தண்ணீர் ஏறும், அதற்குள் இங்கே வந்துவிட வேண்டும். காவலுக்கு ஆள் இருக்கட்டும் என்று தோப்புக்காரர் முத்துகிருஷ்ணன் இடமும் மரமும் கொடுத்தார். சுவரும் சவுக்குதான். கழிகளை நெருக்கி நிறுத்தி இடுக்கில் களிமண். பின்சுவரோடு பலகைப் படுக்கை. பூச்சி பொட்டு ஏறாது. அடுப்பு இடுப்பு உயரம், எதிரே புகை போக ஜன்னல். மருமகள் சிட்டம்மாள் குனிய வேண்டாம்.

"நின்னுகினு ஆக்க நான் இன்னா ஓட்டல் மாஸ்டரா மாமா?" என்றாள். ஆனாலும் உயரம் காட்ட வந்து நின்றாள்.

14-9-1980
கூரை முடிந்தது. வேதகிரி ஆசாரி வேப்பமர வாசல் நிலையை வண்டியில் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை நிறுத்த வேண்டும்.

18-9-1980
சிட்டம்மாள் மாசமாக இருக்கிறாள்.

என் மகன் இருசப்பன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். "புள்ளத்தாச்சி கீற வூட்ல நிலை வெக்கக் கூடாது நைனா. பொறக்கட்டும்."

நான் நிலையைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். போன சித்திரையில் குறைமாசப் பிள்ளையைத் துண்டில் சுற்றி ஆற்றோரம் புதைக்கத் தூக்கிப்போனவன் அவன். சுற்றிய துண்டு பச்சைக் கட்டம் போட்டது. கரை ஓரமாகக் கிழிந்திருந்தது.

22-10-1980
குடிசைக்குள் முழங்கால் தண்ணீர். தோப்புக்கு வந்துவிட்டோம். நிலை சுவரில் சாய்ந்து நனைகிறது. வாசல் திறந்தபடி. பாயைத் தொங்கவிட்டோம், காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று.

3-11-1980
இருசப்பன் வேலைக்குப் போவதில்லை. கழியும் கையுமாக வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் இருக்கிறேன், படு என்றால் கேட்பதில்லை. கண் இரண்டும் செக்கச்செவேல்.

11-11-1980


மத்தியானம் சிட்டம்மாள் பலகையில் படுத்திருந்தாள். தலைமாட்டில் கட்டுவிரியன். பூச்சி ஏறாது என்று நான் போட்ட பலகை! இவன் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டான், அவன் காலைத் தாண்டித்தான் வந்திருக்கணும். முழித்தவன் கழியை ஓங்கினான், ஓங்கினபடியே நின்னுட்டான். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் பாம்படிக்கக் கூடாது. நான் பிடுங்கி அடித்தேன்.

அப்புறம் கத்தினேன். கதவில்லாமல் அவளைச் சாகடிக்கப் போகிறாயா என்று.

"நிலை வெச்சு இந்தப் புள்ளையும் பூடுச்சின்னா? நீயா பதில் சொல்வே?"

செத்த பாம்பைக் கழியால் தூக்கி வெளியே போட்டேன்.

12-11-1980
காலையில் கூழ் ஊற்றும்போது சிட்டம்மாள் சொன்னாள், அவனைப் பார்த்து. "இது இன்னா நம்ம வூடா? மாமா வூடு. நாம ஒண்ட வந்தவங்க. தனியா அடுப்பு வெச்சிக்கினா அவரு வூட்டுக்கு அவரு நிலை வெக்கிறாரு. நமக்கு இன்னா வந்துது?"

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"ஆமாண்டா. என் வூடு" என்றேன். எனக்கு எதற்கு வீடு?

இருசப்பன் எழுந்துபோய் வெளியே கூரை இறங்கும் இறவாணத்தின் கீழ் அடுப்புக்கு மூன்று கல்லைக் கூட்டினான்.

14-11-1980, வெள்ளி
நிலை நின்றது. மஞ்சள் தடவி மாவிலை கட்டினேன். கதவும் மாட்டியாயிற்று. எல்லாம் முடியும் வரை இரண்டு பேரும் தோப்புக் கோடியில் இருந்தார்கள். பால் காய்ச்சித் தனியாகக் குடித்தேன்.

15-11-1980
இருசப்பன் தாழ்ப்பாளை நாலு தரம் இழுத்துப் பார்த்தான். ஆனாலும் படுக்கவில்லை.

30-1-1981
வெளி அடுப்பில்தான் ஆக்குகிறாள். உள்ளே இருக்கும் அடுப்பை நான் சொன்னாலும் தொடமாட்டாள். பேச்சு பேச்சாக இருக்கட்டும் மாமா என்கிறாள். ஆறாம் மாசம் முடிகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

19-4-1981, ஞாயிறு
உத்திரமேரூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். பெண். தொண்டை பலமாக இருக்கிறது, தோப்புக் கோடிவரை கேட்கிறது. உள்ளே வந்ததும் பலகையில் சாய்ந்த இருசப்பன் பொழுது இறங்கியும் எழவில்லை. பிள்ளை கத்திய கத்தலுக்கும் அசையவில்லை. எழுப்பட்டுமா மாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.