ஒரு வரி விடுபட்டிருக்கிறது

பிப்ரவரி 3

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். டாக்டர் பத்து நிமிடம் பேசினார். பத்து நிமிடமும் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத தலை, ஆட்டத்தான் லாயக்கு. காதில் ஒட்டியது ஒரே சொல் — மார்ஜின். “அது எனக்குத் தெரியும் சார்! பிரஸ்ல கட்டிங் மிஷின்காரன் நான். தினமும் அதை விட்டுத்தானே வெட்டறேன்” என்று பெருமையடித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். உங்க வீட்டம்மா முதுகுல இருந்த கட்டியைச் சுத்தி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுத்தோம். அந்த ஓரம் சுத்தமா இருக்கணும். இல்ல. ஓரம் வரைக்கும் நோய் வந்திருக்கு. இன்னும் அகலமா வெட்டணும். ரெண்டு வாரத்துக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

எழுத்தின் மேல் கத்தி இறங்கிய புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 4

கட்டு மாற்றினேன். என் வீட்டுக்காரி அதே பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்ப்பவள். நான் வைத்த பெயர் திருத்தம்மா. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரையே திருத்தியவள்.

“தையல் நேரா இருக்கா?”

“உன் வாய் மாதிரி நீளமா இருக்கு.”

“சிரிக்க வைக்காதீங்க, இழுக்குது.” பிறகு முகத்தைத் தலையணையில் வைத்தபடியே: “என்ன வேணா பண்ணுங்க. இன்னொரு தடவை என்னை அந்த மேஜையில குப்புறப் போட விடாதீங்க. செத்தாலும் மாட்டேன்.”

ரிப்போர்ட் எங்கே என்றாள். இன்னும் வரவில்லை என்றேன். அது என் சட்டைப்பையில் இருந்தது.

பிப்ரவரி 7

தினமும் கேட்கிறாள். நான் செய்ததை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது ரிப்போர்ட்டை மிஷினில் வைத்தேன். ஐந்நூறு தாளை ஒரே இறக்கில் வெட்டும் கத்தி. ஒற்றைத் தாளுக்கு அதை இறக்கியது இதுவே முதல் தடவை. கடைசி வரியில்தான் மார்ஜின் என்ற அந்தச் சொல் இருந்தது. விரல் அகலம். வெட்டு சுத்தமாக விழுந்தது. துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் நிம்மதியாக இருக்கட்டும், பிறகு சொல்லலாம். அப்படித்தான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

பிப்ரவரி 8

படித்தாள். மடித்து வைத்தாள். நன்றாகத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

பிப்ரவரி 12

காலையில் பிரஸ்ஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மேலே ரிப்போர்ட். அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கூரைக்குறி. ப்ரூஃபில் போடுகிற அதே குறி. பக்கத்தில்: “இங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. மூலத்தைக் காட்டவும்.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“மேலே ஓரம் இருக்கு, ரெண்டு பக்கமும் ஓரம் இருக்கு. கீழே மட்டும் எழுத்து விளிம்புல வந்து நிக்குது. எந்த மிஷினுங்க அப்படி அச்சடிக்கும்? இருபத்தாறு வருஷமா ஓரம் விட்டு வெட்டின மனுஷன், என் ரிப்போர்ட்டுக்கு ஒரு நூல் கூட விடலை.”

“அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?”

“நாலு நாள் பார்த்தேன், நீங்களா சொல்லுவீங்கன்னு.”

துண்டை எடுத்துக் கொடுத்தேன். பையில் கிடந்து கசங்கியிருந்தது. நீவிவிட்டு, தாளோடு சேர்த்து வைத்துப் படித்தாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

பிப்ரவரி 13

பிரஸ்ஸிலிருந்து பெரிய அகராதியைக் கொண்டுவரச் சொன்னாள். மார்ஜின் என்ற பக்கத்தை எடுத்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

“லத்தீன்ல மார்கோன்னு ஒரு சொல்லாம். ஓரம், விளிம்பு, எல்லைன்னு அர்த்தம். அடையாளத்துக்கு மார்க்னு சொல்றோமே, அதுவும் இதுக்குத் தூரத்துப் பங்காளி. அந்தக் காலத்துல மார்க்னாலே எல்லைதானாம்.”

“லத்தீன்காரனுக்கும் கட்டிங் மிஷின் இருந்துச்சா?”

“இருந்திருந்தா அவனும் பொண்டாட்டி ரிப்போர்ட்டை வெட்டியிருப்பான்.” பிறகு புத்தகத்தின் ஓரத்து வெள்ளையை விரலால் தடவினாள். “என் பிழைப்பே இந்த இடத்துலதான் ஓடிச்சு. நடுவுல எழுதினதெல்லாம் ஊரார் எழுதினது. ஓரத்துல இருக்கறது மட்டும்தான் நான் எழுதினது.”

அகராதியை மூடி என் மடியில் வைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாங்க.”

“மேஜையில படுக்க மாட்டேன்னியே?”

“உங்களை நம்பி இருக்கறதுக்கு அந்த மேஜையே மேல்.”

பிப்ரவரி 19

நான்கு மணி நேரம். பிழைத்து வந்தாள்.

மார்ச் 2

இந்தத் தடவை ரிப்போர்ட்டை அவள் கையில்தான் கொடுத்தார்கள். ஓரம் சுத்தம். சத்தமாகச் சிரித்துவிட்டேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். நுரையீரலில் இரண்டு புள்ளி.

ஒன்பது நாள். பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டு வரை மறைத்தேன். டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்: “ஒம்பது நாள்ல வர்றதில்லையாம் இது. முன்னாடியே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். நீங்க கேக்க மாட்டீங்கன்னு நானே கேட்டுட்டேன்.”

நிஜமாகவே கேட்டாளா? அவள் பொய் சொன்னால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. எங்கள் இருவரில் ப்ரூஃப் பார்க்கிறவள் அவள்.

ஏப்ரல் 9

மறுபடி சேர்த்தாயிற்று. பதினேழாம் படுக்கை. வேலைக்குப் போகும் வழியில் காலையில் பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 22

“ஏதாவது ஜோக் சொல்லுங்க” என்றாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதற்கே சிரித்தாள்.

மே 1

இன்று எழுத முடியவில்லை.

மே 21

காரியம் முடிந்து இன்றுதான் மறுபடி வேலைக்குப் புறப்பட்டேன். ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். இறங்கி, வரிசையில் நின்று, இரண்டு மாடி ஏறினேன். பதினேழாம் படுக்கையில் ஒரு பாட்டியம்மா படுத்திருந்தார். வாங்க என்றார். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். தேவலை என்றார். இறங்கி வந்து சரியான பஸ்ஸைப் பிடித்தேன்.

பிரஸ்ஸுக்குப் போய்ச் சேரும்போது பத்தேகால். ஏன் தாமதம் என்றார் முதலாளி. பஸ் மாறி ஏறிவிட்டேன் என்றேன்.