படம் இல்லாத தாள்

4.8.2003, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் கணுக்கால் தண்ணீர். பாதி ஈரத்தோடு ஆபீஸ்.

வேலை: தோட்டத் தொழிலாளர்களுக்கான எழுத்தறிவு சி.டி., பாடம் 3. 'இலை' என்ற சொல்லுக்கு நான் போட்டிருந்த படம் தேயிலை. எஸ்டேட் வகுப்பில் செல்லத்தாய் போன வாரம் அதைக் 'கொழுந்து' என்று படித்தாள். இத்தனை வருஷமாகக் கிள்ளுகிறவள், வேறென்ன சொல்வாள்? படத்தை எடுத்துவிட்டு வாழையிலை போட்டேன்.

சசி சார் (முதலாளி, மலையாளி): "படம் மாத்தினா சரியாயிக்கோளும். வெள்ளிக்கிழமை டெமோ. நல்லா வரணும், கேட்டோ!"

வாங்க: குடை, ரவை, அம்மாவுக்கு வெற்றிலை.

5.8, செவ்வாய்
ஜீப். பொன்முடி ரோட்டு வளைவுகளில் குமட்டல், மடியில் மானிட்டர் வேறு. எஸ்டேட் குழந்தைக் காப்பகத்தில்தான் வகுப்பு.

செல்லத்தாய் இன்று "இலை" என்றாள், ஒரே மூச்சில். மாடு, வீடு, பால், எல்லாம் டக் டக். எல்லாரும் கைதட்டல். காப்பகத்தில் ஆயா வேலை காலியாம். பிள்ளைகள் பேரைப் படிக்கத் தெரிந்தால் அவளுக்கே என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். முட்டு தேய்ந்தவள், சரிவில் ஏறி இனிக் கொழுந்து எடுக்க முடியாது.

மலை இறங்கும்போது சுருக்கென்றது. அவள் கண் எழுத்துப் பக்கமே போகவில்லையே. படத்தை மறைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் டெமோ போச்சு. நாளைக்கும் மறுநாளும் இதைப் பற்றி மூச்சு விடப் போவதில்லை. மகா கெட்டிக்காரி நான்.

8.8, வெள்ளி
டெமோ. எழுத்தறிவுத் துறை அதிகாரி, மேனேஜர், லயத்து வரிசை வீடுகளின் சனம் பூரா. திரையில் ஜோராகப் படித்தாள். சசி சார் பூரித்துப் போனார்.

அதிகாரிக்கு ஒரு ஆசை. வெள்ளைத் தாளில் 'இலை' என்று பெரிதாக எழுதி நீட்டினார். செல்லத்தாய் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். படத்தைத் தேடியிருக்கிறாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நான் முந்திக்கொண்டேன்: "கண்ணாடி கொண்டு வரலை சார், பாவம்."

அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. என் மானத்தைக் காப்பாற்ற வாயில் வந்தது அது. மேனேஜர், "சரி, வேலை விஷயம் அடுத்த மாசம் நோக்காம், பார்க்கலாம்" என்றார். தப்பித்தோம். தப்பித்தேன்.

ஏறும்போது ஜீப் அருகே வந்தாள்.
"டீச்சர், எனக்குக் கண்ணுதான் கோளாறா? மண்டையில ஒண்ணுமில்லேன்னுல்லா நெனச்சேன்."

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தலையாட்டிவிட்டேன். த்தூ, நானும் ஒரு டீச்சர்.

12.8, செவ்வாய்
நல்ல வெயில். போகும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை: 'கண்ணில் ஒன்றுமில்லை செல்லத்தாய், பாடம்தான் தப்பு. படமில்லாமல் முதலிலிருந்து தொடங்குவோம்.'

வகுப்பில் அவளைக் காணோம். பக்கத்து வீட்டு மாரி சொன்னாள்: "வேலைக்கே போகலை டீச்சர். கண்ணாடி போடணும்னு மொத பஸ்ஸுல விதுரா கண்ணாஸ்பத்திரிக்கு எறங்கிட்டா."

அங்கே ஒரு அட்டையைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். அதில் எல்லாம் எழுத்துதான்.